பேரப்பிள்ளையின் பள்ளி ஆண்டு விழா: தாத்தா பாட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொங்கல் முடிந்தால் பள்ளிகளில் ஆண்டு விழாக் காலம். மார்ச்சில் தேர்வு வந்துவிடும் என்பதால் ஊரில் இருக்கிற மெட்ரிக் பள்ளி, சிபிஎஸ்இ பள்ளி எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பந்தல் போடுகின்றன. ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக மேடைக்குப் பின்னால் நின்று இந்த விழாக்களை நடத்தியவள் நான். இப்போது பேத்திக்காகக் கீழே நாற்காலியில் உட்காருகிறேன். பிள்ளை மேடையில் இருப்பது மூன்று நிமிடம், நாம் நாற்காலியில் இருப்பது மூன்று மணி நேரம். அந்த மூன்று நிமிடம் வரும்போது நாம் களைத்துப்போகாமல், காது அடைத்துப்போகாமல், கழிவறை வரிசையில் மாட்டிக்கொள்ளாமல் இடத்தில் இருக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பது பெரும்பாலும் அதற்கான வழிதான். எல்கேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

மூன்று நிமிட ஆட்டத்துக்கு நாங்களும் வர வேண்டுமா? அப்பா அம்மா போனால் போதாதா?

போதும். யார் வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளை ஆடிவிடும். ஆனால் அப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரையைத்தான் பார்ப்பார். அம்மா கைக்குழந்தையைச் சமாளித்துக்கொண்டு வாசல் பக்கம் நிற்பார். வேறு வேலை எதுவும் இல்லாமல் மேடையை மட்டும் பார்க்கிற ஆள் நீங்கள்தான். "நான் கையத் தூக்கினப்போ பார்த்தியா பாட்டி?" என்று பிள்ளை கேட்கும். "பார்த்தேன். பக்கத்துப் பையன் இடிச்சதும் தள்ளி நின்னு மறுபடி ஆரம்பிச்சியே, அதையும் பார்த்தேன்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். வீடியோவில் அது அநேகமாக இருக்காது. உடம்புக்கு முடியவில்லை என்றால் வற்புறுத்திக்கொண்டு வர வேண்டாம். அதற்கும் கடைசியில் வழி சொல்லியிருக்கிறேன்.

பாஸ் இரண்டுதான் கொடுத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டாரும் வர ஆசைப்படுகிறார்கள். யார் போவது?

வருடா வருடம் பல வீடுகளில் மனஸ்தாபம் வருகிற இடம் இது. பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தாலே இரண்டாயிரம் நாற்காலி வேண்டும்.

முதல் வழி, வகுப்பு ஆசிரியரிடம் கேட்பது. எல்லாப் பெற்றோரும் பாஸ் வாங்குவதில்லை, ஊருக்குப் போகிறவர்கள் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பாஸ் கொடுத்த அன்றே கேட்டால் "எல்லோருக்கும் இரண்டுதான்" என்ற பதில்தான் வரும்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. விழாவுக்கு முந்தைய நாள் வேஷம், விளக்கு, பாட்டு எல்லாவற்றோடும் முழு ஒத்திகை நடக்கும். சில பள்ளிகளில் அன்று தாத்தா பாட்டிகளை உள்ளே விடுகிறார்கள். கூட்டம் இருக்காது, சிறப்புரை இருக்காது, வேண்டிய இடத்தில் உட்காரலாம். என்னைக் கேட்டால் விழாவைவிட ஒத்திகைதான் சுகம்.

மூன்றாவது, நிகழ்ச்சிகளைப் பிரித்துக்கொள்வது. ஆண்டு விழாவுக்கு ஒரு வீட்டார், மாறுவேடப் போட்டிக்கோ விளையாட்டு விழாவுக்கோ இன்னொரு வீட்டார். இப்போது பல பள்ளிகள் தாத்தா பாட்டி தினம் என்றே தனியாக நடத்துகின்றன. கத்தோலிக்க நிர்வாகப் பள்ளி என்றால் ஜூலைக் கடைசியில் ஏதாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஜூலை மாத நான்காம் ஞாயிற்றை முதியோருக்கும் தாத்தா பாட்டிகளுக்குமான நாளாகப் போப் பிரான்சிஸ் 2021-இல் அறிவித்தார்.

எந்த வழியில் போனாலும் பிள்ளையைக் கூப்பிட்டு, "உனக்கு யார் வரணும், அந்தத் தாத்தாவா இந்தத் தாத்தாவா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

அழைப்பிதழில் மாலை ஐந்து மணி என்று போட்டிருக்கிறது. எங்கள் பேரன் எத்தனை மணிக்கு மேடைக்கு வருவான்?

வழக்கமான வரிசை இதுதான்: தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு ஏற்றுதல், வரவேற்பு நடனம், வரவேற்புரை, முதல்வர் வாசிக்கும் ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் பேச்சு, பரிசளிப்பு, அப்புறம்தான் கலை நிகழ்ச்சிகள். பரிசளிப்பு எதிர்பார்த்ததைவிட நீளும். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் கலை நிகழ்ச்சிக்கு எப்படியும் ஆறரை ஆகிவிடும்.

சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்பதால் எல்கேஜி, யூகேஜி ஆட்டங்களை முதலில் வைப்பது வழக்கம். அதற்காக ஆறரைக்குப் போனால் போதும் என்று கணக்குப் போட வேண்டாம். சிறப்பு விருந்தினர் தாமதமானால் சும்மா இருக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தை முன்னால் தள்ளிவிடுவோம். நாங்களே எத்தனையோ தடவை அப்படிச் செய்திருக்கிறோம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "எத்தனையாவது நிகழ்ச்சி" என்று மகளையோ மருமகளையோ கேட்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைவிட அந்த எண்தான் நம்பகமானது.

முடிகிற நேரம்? இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விழாக்களுக்கு அனுமதி வாங்கி நீட்டிக்க இடமுண்டு என்றாலும், மைதானத்தில் நடக்கும் விழாக்களைப் பெரும்பாலும் ஒன்பதரைக்குள் முடிக்கப் பார்ப்பார்கள்.

மூட்டுவலி, சர்க்கரை இரண்டும் இருக்கிறது. அவ்வளவு நேரம் உட்கார முடியுமா?

தயாராகப் போனால் முடியும். வாடகை நாற்காலிகளில் கைப்பிடி இல்லாததும் வரும், அதில் உட்கார்ந்து எழுவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். போனதும் கைப்பிடி வைத்த நாற்காலியாகத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடக்கலாம். கால் வீக்கம் இருப்பவர்களுக்கு அது அவசியம். ஒரு துண்டு எடுத்துப்போனால் இடுப்புக்கும் ஆகும், பனிக்கும் ஆகும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நான்கரை மணிக்கே இட்லியோ சுண்டலோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். "வந்து சாப்பிடலாம்" என்று கிளம்பினால் பத்து மணி ஆகிவிடும். வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். குளுக்கோஸோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ பையில் பொட்டலமாக இருக்கட்டும். சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிட வேண்டும். இரவு மாத்திரையைக் கையோடு கொண்டுபோவதா, திரும்பி வந்து போடுவதா என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பிரச்சினை கழிவறை. பள்ளிக் கழிவறைகள் வகுப்புக் கட்டடத்தின் கோடியில் இருக்கும். பெரும்பாலும் இந்திய முறை, சின்னப் பிள்ளைகள் பகுதி என்றால் அளவும் சின்னது. போன உடனே, வெளிச்சம் இருக்கும்போதே, எங்கே இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வயதானால் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழக நேரம் அதிகமாகும். மேடை விளக்கைப் பார்த்துவிட்டு இருட்டில் எழுந்து நடந்து வயரில் தடுக்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செல்போன் டார்ச்சைத் தரையை நோக்கி அடித்துக்கொண்டு நடங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்க முடியுமா என்று தயங்குபவர்களுக்கு: அது 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாட வேண்டிய நேரம் 55 விநாடி. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு என்பது அரசாணை. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு 55 விநாடி நின்றுவிடலாம். முடியவே இல்லை என்றால் உட்கார்ந்திருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எந்த இடத்தில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?

முன்வரிசை சோபா விருந்தினர்களுக்கு. அதற்கடுத்த வரிசைகளில் ஆட்டம் தொடங்கியதும் எல்லோரும் செல்போனோடு எழுந்துவிடுவார்கள். உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்றால் நடுப்பாதையை ஒட்டிய ஓர நாற்காலிதான் நல்லது, முன்னால் எவர் எழுந்தாலும் பாதை வழியாகப் பார்வை போகும்.

மேடையின் இருபுறமும் அடுக்கியிருக்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கு எதிரே உட்காரவே கூடாது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருப்பதும், 100 டெசிபலில் கால் மணி நேரம் இருப்பதும் காதுக்கு ஒரே பாதிப்பு என்பது பணியிடப் பாதுகாப்புக் கணக்கு. ஆண்டு விழா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் 100 சாதாரணம். காதில் மெஷின் வைத்திருப்பவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு உட்காருங்கள், பேத்தி பேசும்போது மட்டும் கூட்டிக்கொள்ளலாம். மற்றவர்களுக்குப் பஞ்சு இருந்தால் ஓரளவு உதவும்.

முப்பது பிள்ளைகள் ஒரே உடை, ஒரே மேக்கப்பில் வருகிறார்கள். நம் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிரிக்காதீர்கள், இது நிஜமான பிரச்சினை. மூன்று நிமிடமும் வேறு வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போன தாத்தாக்கள் உண்டு. மஞ்சளும் கறுப்புமாகத் தேனீ உடை, தலையில் இரண்டு ஆடும் கொம்பு, கன்னத்தில் வட்டமாகச் சிவப்பு. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

முந்தைய நாள் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வரிசை? எத்தனையாவது? பக்கத்தில் யார்? பிள்ளை "வலது பக்கம்" என்று சொன்னால் அது உங்களுக்கு இடது பக்கம், ஏனென்றால் அவன் உங்களைப் பார்த்து நிற்கிறான். "ஆனால் பாதியில் இடம் மாறுவோம்" என்பான், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு தடவை ஆடிக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. எப்போது உட்காருவான், எப்போது சுற்றுவான் என்று தெரிந்திருந்தால் கண் தானாகப் போய் நிற்கும். தூரப் பார்வைக் கண்ணாடியை மறக்காதீர்கள். படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மேடையில் இருக்கும்போது கையசைக்கலாமா? பெயர் சொல்லிக் கூப்பிடலாமா?

கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் பிள்ளை ஆட்டத்தை நிறுத்திவிட்டு உங்களைத் தேடும். கையசைத்தாலும் அநேகமாகத் தெரியாது, விளக்கு முழுவதும் மேடை மேல்தான், கீழே அவர்களுக்கு ஒரே இருட்டு. தேடித் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் முகம் சுருங்குகிற பிள்ளைகள் உண்டு. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "லைட் கண்ணில் அடிக்கும், உனக்கு என்னைத் தெரியாது. ஆனால் நான் உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்." இதை விழாவுக்கு முந்தைய நாளும் சொல்லுங்கள், அன்று காலையும் சொல்லுங்கள்.

அழுதுவிட்டால்? ஆடாமல் நின்றுவிட்டால்?

எல்கேஜி வரிசையில் ஒன்றாவது அழும். ஒன்று அழுதால் பக்கத்தில் இன்னொன்று ஆரம்பிக்கும். மேடைக்குப் பின்னால் நாங்கள் இதை எதிர்பார்த்துத்தான் நிற்போம். திரைக்கு மறைவில் டீச்சர் ஒருவர் குந்தி உட்கார்ந்து அத்தனை அசைவையும் ஆடிக் காட்டிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் எல்லோரும் ஒரு பக்கமாகவே பார்த்து ஆடுவது அதனால்தான். அழுகிற பிள்ளையைச் சில நேரம் உள்ளே தூக்கிவந்துவிடுவோம், சில நேரம் அப்படியே விட்டுவிடுவோம். எது சரி என்று அந்தப் பிள்ளையோடு வருடம் முழுக்க இருந்தவருக்குத் தெரியும். தயவுசெய்து மேடையை நோக்கி ஓடி வராதீர்கள். பாட்டியைப் பார்த்ததும் பிள்ளை மேடை விளிம்புக்கு ஓடிவரும், அது ஆபத்து.

ஆடாமல் சிலையாக நிற்கும் பிள்ளை பயந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் பாதி. இத்தனை விளக்கு, இத்தனை சத்தம், பக்கத்தில் இருக்கிற தோழிக்குத் திடீரென்று உதட்டுச் சாயம். பார்க்க ஆயிரம் இருக்கும்போது ஆடத் தோன்றுமா?

வீட்டுக்கு வந்தபின் நடப்பதுதான் முக்கியம். "ஏன் ஆடல?" என்ற கேள்விக்கு நாலு வயதுப் பிள்ளையிடம் பதில் கிடையாது. அதைக் கேட்காதீர்கள். சாப்பாடு போட்டுத் தூங்க வையுங்கள். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே முழு ஆட்டத்தையும் ஆடிக் காட்டுகிற பிள்ளைகள் ஏராளம். அப்போது பாருங்கள். "இதை நேற்று ஆடியிருக்கலாமே" என்ற ஒரு வரியை மட்டும் விழுங்கிவிடுங்கள். அப்புறம் இன்னொன்று: வருகிற சொந்தக்காரர்களிடம் எல்லாம் பிள்ளை எதிரிலேயே இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பது. நமக்கு அது செல்லம். பிள்ளைக்கு அடுத்த வருடம் மேடை என்றாலே வயிற்றைக் கலக்கும்.

பேத்தியைப் பின்வரிசையில் ஓரமாக நிறுத்திவிட்டார்கள். டீச்சரிடம் பேசலாமா?

பெரும்பாலும் உயரக் கணக்குதான். உயரமான பிள்ளை பின்னால், குள்ளமான பிள்ளை முன்னால். இன்னொரு காரணமும் உண்டு, சொன்னால் ஆறுதலாக இருக்கும்: தானாகச் சமாளிக்கும் பிள்ளைகளைத்தான் ஓரத்தில் நிறுத்துவோம். ஓரம் சரியாக நின்றால் வரிசை கலையாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒரே பிள்ளைகள் நடுவில், மற்றவர்கள் கொடி பிடித்துப் பின்னால் என்று நடந்தால் அது சரியில்லை. அதை ஜூன் மாதம் பெற்றோர் கூட்டத்தில் பெற்றோர் சொல்லட்டும். விழாவன்று, மேக்கப் பெட்டியோடு ஓடிக்கொண்டிருக்கும் டீச்சரை மறித்துக் கேட்பதில் பலனில்லை.

சின்னப் பிள்ளைகளைச் சினிமாப் பாட்டுக்கு ஆட வைக்கிறார்களே?

எனக்கும் பிடிப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை காதல் பாட்டுக்கு இடுப்பை வெட்டுவதற்குக் கைதட்ட முடியவில்லை. கும்மி, ஒயிலாட்டம், சிலம்பம் என்று எவ்வளவோ இருக்கின்றன. இதுவும் பாட்டு முடிவாகும் முன் பெற்றோர் பேச வேண்டிய விஷயம். அன்றைக்குப் பிள்ளைக்குத் தெரிந்தது அந்த ஆட்டம்தான், அதைப் பாராட்டிவிடுங்கள்.

மாறுவேடப் போட்டிக்கு நாங்கள் ஏதாவது உதவ முடியுமா?

நீங்கள்தான் முடியும். பாரதியாருக்கு முண்டாசு கட்ட இந்தக் காலத்து அப்பாக்களுக்கு வராது, தாத்தாவுக்கு வரும். ஔவையாருக்குப் பாட்டியின் பழைய வெள்ளைச் சேலையும் விபூதியும் போதும், கம்பைப் பிள்ளையின் உயரத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மீசையைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். அரித்து, மேடையிலேயே பிய்த்து எறிந்துவிடும். கண் மைப் பென்சிலால் வரைந்துவிடுவது மேல். சேலை, வேட்டி எல்லாம் உள்ளே ஒரு அரைக்கால் சட்டையின் மேல் ஊக்கு குத்தி நிற்க வேண்டும், ஊக்கின் முனை வெளிப்பக்கம் இருக்க வேண்டும். கிளம்பும் முன் ஒன்றுக்குப் போய்விட்டு வரட்டும்.

வசனம் இரண்டு வரி போதும். நாலாவது வரியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். குறள் சொல்ல வைப்பதானால் ஒன்றே ஒன்று, நிறுத்தி நிதானமாக. வீட்டில் ஒரு கரண்டியை மைக்காகப் பிடித்துப் பழக்கிவிடுங்கள். மைக்கைப் பார்த்ததும் அதைத் தட்டிப் பார்க்கிற ஆசை அடங்கும்.

நான் வீடியோ எடுக்கட்டுமா?

வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு செல்போன் போதும், அதுவும் அப்பா கையில் இருக்கட்டும். பள்ளியும் வீடியோக்காரரை வைத்திருக்கும். புகைப்படம் எடுத்தே தீர வேண்டும் என்றால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அந்த வெளிச்சம் மேடைவரை எட்டாது, முன்னால் இருப்பவர் வழுக்கைதான் பளிச்சென்று விழும்.

எடுத்ததை உறவினர் குழுவில் போடுவதற்கு முன் ஒரு யோசனை: அதில் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் பிள்ளை தனியாக இருக்கிற படமாகப் பார்த்துப் போடலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தெளிவு குறையும், டாக்குமென்டாக அனுப்பினால் குறையாது.

ஆடி முடித்ததும் பிள்ளையை நானே கூட்டிக்கொண்டு கிளம்பலாமா?

பள்ளி தந்த அடையாள அட்டை யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் பிள்ளையைக் கொடுப்பார்கள். "நான் அவன் தாத்தா" என்றால் விட மாட்டார்கள், விடக் கூடாது. நீங்கள் கூட்டிப் போவதாக இருந்தால் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெயரை முன்பே டீச்சரிடம் சொல்லச் சொல்லுங்கள். சில பள்ளிகள் நாட்டுப்பண் முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அனுப்புவதில்லை.

கையில் கிடைத்ததும் முதலில் தண்ணீர், பிறகு பிஸ்கட், பிறகுதான் பாராட்டு. மதியம் மூன்று மணியிலிருந்து உடை அழுக்காகக் கூடாதென்று வகுப்பறையில் உட்கார வைத்திருப்பார்கள். பாராட்டு எப்படி என்றால், "நீதான் எல்லாரையும்விட சூப்பர்" வேண்டாம், பக்கத்தில் நிற்கிற தோழிக்கும் காது இருக்கிறது. பார்த்ததைச் சொல்லுங்கள்: "தலைக் கொம்பு கழன்று விழுந்தும் நிறுத்தாமல் ஆடினாயே."

திருஷ்டி சுற்றிப் போடலாமா?

தாராளமாக. உப்பு மிளகாய் சுற்றிப் போட்டால்தான் பாட்டிக்குத் தூக்கம் வரும் என்றால் செய்யுங்கள். மிளகாய்ப் புகை பிள்ளை மூச்சுக்குப் போகாமல் வெளியே போடுங்கள்.

மேக்கப்பை எப்படி எடுப்பது?

சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், போகாது, முகம்தான் எரியும். தேங்காய் எண்ணெயைக் கையில் எடுத்து முகத்தில் தடவி ஒரு நிமிடம் விட்டு, மெல்லிய பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். இரண்டு தடவை செய்தால் முழுவதும் வந்துவிடும், அப்புறம் வெந்நீரில் கழுவலாம். கண் இமைப் பக்கம் மினுமினுப்புத் தூள் இருந்தால் தேய்க்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குள் போனால் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கசக்க விடக் கூடாது. உதட்டுச் சாயத்தைச் சாப்பிடும் முன்பே துடைத்துவிடுங்கள்.

நாங்கள் வெளியூரில் இருக்கிறோம். என்ன செய்வது?

வர முடிந்தால், தேதி தெரிந்ததும் டிக்கெட் எடுங்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது, பள்ளியோ மூன்று வாரம் முன்னால்தான் தேதி சொல்லும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும், தனியாகவோ இரண்டு பேராகவோ போகும்போது, கீழ் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பதிவு செய்யும்போது அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

வர முடியாவிட்டால் பள்ளி யூடியூபில் நேரலை போடுகிறதா என்று கேளுங்கள். சினிமாப் பாட்டு வந்தால் பதிப்புரிமைப் பிரச்சினையில் சில நேரம் சத்தம் நின்றுவிடும், உங்கள் போனில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். பிள்ளை வெளிநாட்டில் என்றால் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் மாலை 6 என்றால் நமக்குப் பிற்பகல் 3.30. நியூ ஜெர்சியில் மாலை 6 என்றால் குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் விடிகாலை 4.30, அலாரம் வைக்க வேண்டியதுதான்.

நேரலை இல்லை என்றால் மறுநாள் வீடியோ அழைப்பில் பிள்ளையைக் கூப்பிட்டு உங்களுக்காக ஒரு தடவை ஆடச் சொல்லுங்கள். உடையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கூப்பிட்டால் வேஷத்தோடேயே ஆடும். வாடகை உடை என்றால் பெரும்பாலும் மறுநாள் மாலைக்குள் கடைக்குப் போக வேண்டும்.